கேமரா பார்த்துக்கொண்டிருந்தால் பாகத்தை அறுக்க வேண்டாமா?

கேள்வி: 8 மார்ச் 2025, மாலை 6.20

அண்ணே, பாலிடெக்னிக் முடித்து சிங்கப்பூர் ஜூரோங்கில் ஒரு உலோக 3டி பிரிண்டிங் பட்டறையில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. போன வாரம் ஒரு விற்பனையாளர் வந்தார். லேசர் உருக்கும் இடத்தை நொடிக்குப் பல ஆயிரம் தடவை பார்க்கும் சென்சார் ஒன்றைப் பொருத்தினால் பிழை நடக்கும்போதே தெரிந்துவிடும், அப்புறம் சிடி ஸ்கேன், அறுத்துப் பார்ப்பது எதுவும் தேவையில்லை என்றார். சிடியை வெளியே கொடுத்துத்தான் எடுக்கிறோம், அதனால் முதலாளிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. இது உண்மையா?

8 மார்ச், இரவு 10.05

இல்லை.

8 மார்ச், இரவு 11.40

மேலே ஒரு வார்த்தையில் முடித்துவிட்டேன், பேருந்தில் இருந்தேன். இப்போது வீட்டுக்கு வந்து சாப்பிட்டாயிற்று.

தம்பி, முதலில் கணக்கைப் பார். 10 சென்டிமீட்டர் உயரப் பாகத்தை 40 மைக்ரான் அடுக்காகப் போட்டால் 2,500 அடுக்கு. அடுக்குக்கு ஒரு நிமிடம் என்றால் 41 மணி நேரத்துக்கு மேல். ஒவ்வொரு அடுக்கிலும் 15 முதல் 45 மைக்ரான் வரை உள்ள தூளைப் பரப்பி, நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் ஓடும் லேசர் அதை உருக்குகிறது. இதில் எந்த அடுக்கில் எந்த மூலையில் என்ன நடந்தது என்று மனிதக் கண்ணால் பார்க்க முடியாது. ஆகவே சென்சார் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஆனால் அந்த சென்சார் பார்ப்பது வெளிச்சத்தை. உருகிய குட்டையிலிருந்தும் அதன் மேலே கிளம்பும் ஆவியிலிருந்தும் வரும் வெளிச்சம், அவ்வளவுதான். நாம் பயப்படும் பிழை பாகத்துக்குள் மாட்டிக்கொள்ளும் சின்னத் துளை. அது மேற்பரப்புக்குக் கீழே இருக்கிறது, அதை எந்த போட்டோடையோடும் (வெளிச்சத்தை அளக்கும் சில்லு) பார்த்ததில்லை. வெளிச்சம் கூடினால் சூடு கூடியது என்றுகூட உறுதியாகச் சொல்ல முடியாது. குட்டை அகலமானாலும் கூடும், பொறி பறந்தாலும் கூடும், மேற்பரப்பின் தன்மை மாறினாலும் கூடும். விற்பனையாளர் "பிழை தெரியும்" என்கிறாரே, அதை "வழக்கத்துக்கு மாறான வெளிச்சம் தெரியும்" என்று மாற்றி எழுதிக்கொள். விலைப்பட்டியலை அப்புறம் படி.

என் அனுபவத்தில் அந்த மெல்ட் பூல் (உருகிய குட்டை) சென்சார் சுத்த வீண்.

10 மார்ச், மதியம்

"வீண் என்கிறீர்களே, அப்படியானால் எதுதான் உதவியது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

எனக்கு அதிகம் உதவியது ரீகோட்டருக்கு, அதாவது பிளேடால் தூளைப் பரப்பும் கைக்கு, மேலே இருக்கும் சாதாரண கேமரா. தூள் பரப்பியதும் ஒரு படம், லேசர் ஓடி முடித்ததும் ஒரு படம், வேறொன்றும் இல்லை. இதில் மாயம் எதுவும் கிடையாது. தூள் குறைவாக விழுந்திருந்தால் தெரியும். பாகத்தின் ஓரம் வளைந்து தூளுக்கு மேலே தலை நீட்டினால் தெரியும். பிளேடில் கீறல் விழுந்தால் தட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரு கோடு ஓடும், குழந்தைக்கும் தெரியும். அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தார் பெரெக்ரின் என்று ஒரு மென்பொருள் செய்திருக்கிறார்கள், அது இந்த மாதிரிப் படங்களைப் பார்த்து எது கோடு, எது வளைவு, எது தூள் பற்றாக்குறை என்று தானே பிரிக்கப் பழக்கப்பட்டது. அங்கேயே இவ்வளவு மெனக்கெடுகிறார்கள் என்றால் சாதாரணப் படத்துக்குள் விஷயம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்.

இப்போது என் கதை. சில வருடங்களுக்கு முன் துவாஸ் பக்கம் வேறொரு இடத்தில் வேலை பார்த்தேன், பெயர் வேண்டாம். இன்கோனெல் 718 என்ற நிக்கல் கலவையில் ஒன்பது பாகம் ஒரே தட்டில். இரவு இரண்டு மணிக்கு ஒரு பாகத்தின் சப்போர்ட் (தாங்கும் கால்) பிய்ந்து ஓரம் மேலே எழும்பியது, பிளேடு அதில் இடித்துப் பல் விழுந்தது. கேமரா பார்த்தது. மென்பொருள் சரியாகக் கண்டுபிடித்தது. எச்சரிக்கையும் அனுப்பியது. மின்னஞ்சலில். யாருக்கு? மேற்பார்வையாளருக்கு. அவர் அப்போது மகளின் பள்ளி விடுமுறைக்கு ஜோகூரில் இருந்தார். இயந்திரம் காலை எட்டரை வரை ஏறத்தாழ 400 அடுக்கு அந்தக் கோட்டின் மேலேயே கோடு போட்டுக்கொண்டிருந்தது. ஒன்பது பாகமும் குப்பைக்கு.

அடுத்த நாள் கூட்டத்தில் பேசியது என்ன தெரியுமா? இன்னும் நல்ல கேமரா வாங்குவதைப் பற்றி.

10 மார்ச், இரவு

எச்சரிக்கையைக் கைப்பேசிக்கு அனுப்பியிருக்கலாமே என்கிறீர்கள். ஆமாம், கைப்பேசிச் செய்தியாக மாற்றினோம். முதல் வாரத்திலேயே எனக்கு 60 செய்தி. இரண்டாம் வாரம் ஒலியை அணைத்துவிட்டுத் தூங்கினேன். என்னைத் திட்டுவதற்கு வரிசையில் நில்லுங்கள்.

15 மார்ச், காலை

அந்த 60 செய்தி ஏன் வந்தது என்று கேட்டவர்களுக்கு.

பாதிக்கு மேல் மெல்ட் பூல் சென்சாரிலிருந்து, தட்டின் நான்கு மூலைகளைப் பற்றி வந்தவை. நடுவில் ஒரு அளவு வெளிச்சம், மூலையில் குறைவு. லேசர் மூலையில் பலவீனமாகிறது என்று முடிவுகட்டி, ஏறக்குறைய இரண்டு வாரம் சக்தியையும் குவியத்தையும் நோண்டிக்கொண்டிருந்தோம். கடைசியில் ஒரே மாதிரிக் கனசதுரங்களைத் தட்டின் ஒன்பது இடத்தில் அடித்து, அறுத்து, மெருகேற்றி, நுண்ணோக்கியில் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல் கெட்டியாக இருக்கின்றன! குற்றவாளி லென்ஸ். லேசரைக் குவிக்கும் எஃப்-தீட்டா லென்ஸ் 1070 நானோமீட்டர் அலைநீளத்துக்காகச் செய்யப்பட்டது. திரும்பி வரும் வெளிச்சமோ வேறு அலைநீளம். நடுவை விட்டு விலக விலக லென்ஸ் அதைச் சரியாகக் கொண்டுவந்து சேர்ப்பதில்லை. லேசர் நன்றாகத்தான் இருந்தது, சென்சாருக்குத்தான் ஓரக்கண் மங்கல்.

இதைத் திருத்த, தட்டு முழுக்க ஒரே மாதிரிக் கோடுகள் ஓட்டி ஓர் அளவுத்திருத்த வரைபடம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். கையேட்டில் எங்கோ இருந்ததாம். 140-ஆம் பக்கம் மாதிரி ஏதோ ஒன்று.

16 மார்ச்

பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் ஓர் அக்கா கொஞ்சம் கோபமாக எழுதியிருக்கிறார்: "2023-இல் சயன்ஸ் இதழில் வந்ததைப் படிக்காமல் வீண் என்று எழுதலாமா?"

படித்திருக்கிறேன் அக்கா. டைட்டானியத்தில் லேசர் குத்தும் குழி ஆட்டம் கண்டு நுனி கிள்ளுப்படும்போது துளை உண்டாவதை ஒரு பக்கம் எக்ஸ்ரேயில் படம் எடுத்து, அதே நேரத்தில் மேலே இருந்து வெப்பக் கேமராவில் எடுத்து, இரண்டையும் கணினிக்குக் காட்டிப் பழக்கினார்கள். பிறகு வெப்பப் படத்தை மட்டும் பார்த்தே ஒரு மில்லிநொடிக்கும் குறைவான நேரத் துல்லியத்தில் துளை எப்போது பிறக்கிறது என்று கணினி கிட்டத்தட்டத் தவறில்லாமல் சொன்னது. அருமையான வேலை, மறுக்கவில்லை. 2019, 2020-இல் அதே இதழில் அந்தக் குழியைப் பற்றி வந்த இரண்டு கட்டுரைகளையும் படித்த பிறகுதான் எனக்கே குழி என்றால் என்ன என்று உருப்படியாகப் புரிந்தது.

ஆனால் அந்த எக்ஸ்ரே அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் இருந்த 7 கிகா எலக்ட்ரான்வோல்ட் சின்க்ரோட்ரான், எலக்ட்ரான்களைச் சுற்றவிட்டு எக்ஸ்ரே எடுக்கும் ராட்சத வளையம். (வாயு இல்லை, ஆய்வகத்தின் பெயர்.) நமக்கும் கென்ட் ரிட்ஜில் ஒன்று இருக்கிறது, 0.7 கிகா, பத்தில் ஒரு பங்கு. எங்கள் பட்டறையில் இருப்பது தூசி உறிஞ்சி. பழக்குவதற்கு "இங்கே துளை, இங்கே இல்லை" என்று உண்மையைச் சொல்லித்தர ஆள் வேண்டும், அதற்குத்தான் அவர்களுக்கு எக்ஸ்ரே. எங்களுக்கு அந்த ஆள் சிடி ஸ்கேனும் ரம்பமும். சிடியை நிறுத்திவிட்டு சென்சாரை நம்பு என்று விற்பனையாளர் சொல்வது, வாத்தியாரை அனுப்பிவிட்டுப் பையனிடமே விடைத்தாளைத் திருத்தக் கொடுப்பது மாதிரி.

16 மார்ச், சிறிது நேரம் கழித்து

அக்கா சிரித்துவிட்டார். சமாதானம்.

31 மார்ச், நோன்புப் பெருநாள் விடுமுறை

பக்கத்து வீட்டிலிருந்து ரெண்டாங்கும் குக்கீஸும் வந்திருக்கின்றன, கை நெய்யாக இருக்கிறது, எழுத்துப்பிழை இருந்தால் அதனால்தான்.

இடைப்பட்ட நாட்களில் பழைய குறிப்பேட்டைப் புரட்டினேன். ஒரு வேலையில், எச்சரிக்கை வந்த இடங்களையெல்லாம் குறித்துக்கொண்டு பாகத்தைச் சிடிக்கு அனுப்பியிருக்கிறோம். பாதிக்கு மேற்பட்ட இடங்கள் சுத்தம். அப்போது எனக்கு வந்த ஆத்திரத்தில்தான் "வீண்" என்ற முடிவுக்கு வந்தேன் போலிருக்கிறது. இப்போது யோசித்தால் சென்சார் பொய் சொல்லவில்லை. அந்த அடுக்கில் உண்மையிலேயே ஏதோ நடந்திருக்கிறது. ஆனால் லேசர் உருக்கும் ஆழம் ஓர் அடுக்கு மட்டும் இல்லையே, சாதாரணமாக இரண்டு மூன்று அடுக்காவது கீழே போகும். இந்த அடுக்கில் சரியாக ஒட்டாத இடத்தை அடுத்து வரும் அடுக்கு மறுபடி உருக்கி மூடிவிடுகிறது. வீட்டில் பூசும்போது முதல் பூச்சில் விட்ட இடத்தை இரண்டாம் பூச்சு மறைப்பதில்லையா, கிட்டத்தட்ட அப்படி. அதனால் ஒரே ஓர் அடுக்கில் வந்த எச்சரிக்கையை நான் இப்போது கண்டுகொள்வதில்லை. ஒரே இடத்தில் நான்கைந்து அடுக்கு தொடர்ந்து வந்தால் எழுந்து உட்காருவேன். எத்தனை அடுக்கு என்பது உலோகத்தையும் அமைப்பையும் பொறுத்தது, என் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அதே சிடியில் எச்சரிக்கையே வராத ஓர் இடத்தில் தட்டையான ஒரு பெரிய துளையும் இருந்தது. வேறொரு பாகத்திலிருந்து பறந்த பெரிய பொறி அங்கே விழுந்து, தூளோடு கலந்து, லேசர் அதை முழுதாக உருக்க முடியாமல் போயிருக்க வேண்டும். இயந்திரத்துக்குள் ஓடும் ஆர்கான் வாயு போகும் திசையில் கடைசியில் நிற்கும் பாகத்துக்குத்தான் எப்போதும் இந்தச் சாபம். காற்று நுழையும் பக்கம் இருப்பவர்களின் குப்பை முழுவதும் அதன் தலையில்.

சிடியும் தெய்வம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாகம் பெரிதாக ஆக சிடி படத்தில் ஒரு புள்ளியின் அளவும் பெரிதாகும், கனமான நிக்கல் கலவைக்குள் எக்ஸ்ரே நுழையவே திணறும். தேடும் துளை புள்ளியைவிடச் சிறிதாக இருந்தால் "சுத்தம்" என்று அறிக்கை வரும். அப்படியானால் அந்தச் "சுத்தமான" இடங்களில் சில...

சரி, இதை யோசித்தால் இன்று தூக்கம் வராது.

2 ஏப்ரல்

"ஹிப் (சூடான வாயுவால் எல்லாப் பக்கமும் அழுத்துவது) போட்டால் துளை மூடிவிடுமே, எதற்கு இந்தப் பாடு?" மூடும். டைட்டானியத்துக்கு 920 டிகிரி, 100 மெகாபாஸ்கல், இரண்டு மணி நேரம் என்பது பலரும் பயன்படுத்தும் செய்முறை. ஆனால் மேற்பரப்போடு வாய் திறந்திருக்கும் துளை மூடாது, அழுத்தும் வாயுவே உள்ளே போய்விடும். உள்ளே ஆர்கான் சிக்கிய துளை சுருங்கும், பிறகு அதிக வெப்பத்தில் வைத்தால் மறுபடி வளரக்கூடும்.

5 ஏப்ரல்

மார்ச் 8 அன்று எழுதியதில் கடைசி வரியை வாபஸ் வாங்குகிறேன். மெல்ட் பூல் சென்சார் சுத்த வீண் இல்லை. நான் அதைக் கேட்ட கேள்விதான் தப்பு.

ஒவ்வொரு தட்டிலும் ஓரத்தில் ஒரு சிறிய சோதனைத் துண்டு அடிக்கிறோம், எப்போதும் ஒரே இடம், ஒரே அமைப்பு. பொறுப்பை ஏற்றுக்கொண்ட புது ஆள், உன் வயதுதான் தம்பி, அந்தத் துண்டின் சராசரி வெளிச்சத்தை மட்டும் எடுத்து வேலைக்கு ஒரு புள்ளியாக வரைந்து சுவரில் ஒட்டினார். எட்டுப் பத்துப் புள்ளியில் கோடு மெதுவாக இறங்குவது தெரிந்தது. ஒரு வேலையைத் தனியாகப் பார்த்திருந்தால் எதிலும் எச்சரிக்கை இல்லை. லேசர் வெளியே வரும் பாதுகாப்புக் கண்ணாடியில் உலோகப் புகை படிந்திருந்தது. துடைத்துக்கொண்டுதான் இருந்தோம், ஆனால் துடைத்த விதம் சரியில்லை, ஓரத்திலிருந்த கறையை நடுவுக்கு இழுத்துக்கொண்டிருந்தோம்.

5 ஏப்ரல், இரவு

ஒரு சந்தேகம், நானே என்னைக் கேட்டுக்கொள்வது. லேசர் போவதும் அந்தக் கண்ணாடி வழியாக, சென்சாருக்கு வெளிச்சம் திரும்புவதும் அதே கண்ணாடி வழியாக. கோடு இறங்கியது லேசர் பலவீனமானதாலா, சென்சாரின் கண் மறைந்ததாலா? கோட்டை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது. சக்தி மானியை வைத்து அளந்தோம், லேசரும் கொஞ்சம் குறைந்துதான் இருந்தது. ஆனால் அளந்ததால்தான் தெரிந்தது.

6 ஏப்ரல்

மழையைப் பற்றி யாருமே கேட்கவில்லை, நானே சொல்கிறேன். நம் ஊரின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். அலுமினியத் தூளைத் திறந்து வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனால் அது தண்ணீர் குடித்துவிடும், உருகும்போது அந்த ஈரத்திலிருந்து ஹைட்ரஜன் பிரிந்து சின்னச் சின்ன உருண்டைத் துளைகளாகப் பாகம் முழுக்கப் பரவும். எங்களுக்கு அது நடந்த வாரம் மெல்ட் பூல் வரைபடம் கண்ணாடி மாதிரி இருந்தது, ஒரு மூலையிலும் சிவப்பு இல்லை. காரணத்தைக் காட்டியது அலமாரிக்குள் கிடந்த மலிவு விலை ஈரப்பதமானி. யாரோ இறக்குமிடத்தின் ஷட்டரைத் திறந்துவைத்துவிட்டு மழையை வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். நிகழ்நேரக் கண்காணிப்பு என்று பேசும்போது எல்லோரும் லேசர் பக்கமே ஓடுகிறோம். தூளின் ஈரம், அறைக்குள் ஆக்சிஜன், வடிகட்டியின் அழுத்தம், இவையும் அந்தக் கணக்கில் வரவேண்டியவை.

7 ஏப்ரல்

அக்கா மறுபடி வந்தார்: "பார்ப்பதோடு ஏன் நிறுத்த வேண்டும், பார்த்ததும் இயந்திரமே லேசரைக் குறைத்துக்கொள்ளலாமே?" புதிய யோசனை இல்லை. பெல்ஜியத்தில் லூவன் பல்கலைக்கழகத்துக் குழு 2010 வாக்கிலேயே போட்டோடையோடு அளவைப் பார்த்து லேசர் சக்தியைத் திருத்திக் காட்டியது. ஒரு மில்லிநொடி தாமதித்தால் லேசர் ஒரு மில்லிமீட்டர் தாண்டிப் போயிருக்கும் என்பதால் வேகம் ஒரு தடை. எங்களை மாதிரிப் பட்டறைக்கு அதைவிடப் பெரிய தடை காகிதம். விமானப் பாகமோ கப்பல் பாகமோ, வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டது இத்தனை வாட், இத்தனை வேகம் என்று பூட்டிய ஒரு செய்முறையை. 3டி பிரிண்டிங் பாகங்களுக்காக நாசா 2021-இல் வெளியிட்ட 6030 தரநிலையும் செய்முறையை முதலில் தகுதிப்படுத்திப் பூட்டு என்ற வழியில்தான் போகிறது. இயந்திரம் தானாக வாட்டை மாற்றினால், எந்தச் செய்முறையில் செய்தாய் என்று தணிக்கையாளர் கேட்கும்போது என்ன பதில் சொல்வேன்? "அதன் இஷ்டம்" என்றா?

13 ஏப்ரல்

நாளை புத்தாண்டு, தேக்கா போய் மாவிலையும் வேப்பம்பூவும் வாங்கி வந்தேன், கால் வலிக்கிறது. சின்ன விஷயம் மட்டும். எங்கள் பழைய இடத்தில் ஒரு சீன அங்கிள் இருந்தார், கோப்பி ஓ பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பார், ரீகோட்டர் போகும் சத்தத்தைக் கேட்டே "எங்கோ இடிக்குது" என்பார். நாங்கள் சிரிப்போம். அடுத்த மணி நேரத்தில் இடிக்கும். சுவிட்சர்லாந்தில் எம்பா ஆய்வகத்தில் ஒலியை வைத்து அச்சின் தரத்தைக் கணிக்கும் ஆய்வு 2018-இல் வந்தபோது அவருக்குக் காட்ட ஆசைப்பட்டேன், அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டார்.

19 ஏப்ரல்

கேள்வி கேட்ட தம்பி திரும்பி வந்திருக்கிறார். முதலாளி வாங்கிவிட்டாராம்! இத்தனை நாள் நாம் இங்கே எழுதியது எதற்கு என்று தெரியவில்லை. "பொருத்தியாயிற்று அண்ணே, முதலில் என்ன செய்யட்டும்?"

முதலில் வேண்டுமென்றே தப்பு செய். ஒரு துண்டின் நடுவில் குறிப்பிட்ட உயரத்தில் லேசர் சக்தியைக் குறைத்து ஓட்டு, இன்னொன்றில் கூட்டு, இன்னொன்றில் தூளைக் குறை. சென்சார் எதைப் பார்க்கிறது, எதைக் கோட்டை விடுகிறது என்று பட்டியல் போட்டுக்கொள். பிறகு அவற்றை அறு. ஆமாம், அறுக்கத்தான் வேண்டும், முதலாளியிடம் நான் சொன்னேன் என்று சொல்.

அடுத்தது யார் எழுந்திருப்பது, எழுந்து என்ன செய்வது. இரவு மூன்று மணிக்கு எச்சரிக்கை வந்தால் நிறுத்துவதா? நிறுத்தினால் பாகம் ஆறிச் சுருங்கும், மறுபடி தொடங்கும் இடத்தில் ஒரு கோடு விழும், சில வாடிக்கையாளர்கள் அதையே ஏற்கமாட்டார்கள். பல நேரம் நல்ல வழி, கெட்டுப்போன அந்த ஒரு பாகத்தை மட்டும் அணைத்துவிட்டு மற்றவற்றைத் தொடர்வது. அதைச் செய்ய இரவு ஆளுக்கு அனுமதி இருக்கிறதா? எங்களுக்கு அன்று இருந்திருந்தால் ஒன்பதில் ஏழெட்டாவது தேறியிருக்கும். பிளேடு பல் விழுந்த கோட்டில் இருந்தவை போக, அதனால் ஆறு என்று வைத்துக்கொள்.

சேமிக்க இடம் இருக்கிறதா என்றும் பார். 60 கிலோஹெர்ட்ஸில் பதியும் ஒரே ஒரு டையோடு, லேசர் பாதி நேரம்தான் எரிகிறது என்றாலும், 41 மணி நேர வேலையில் 400 கோடிக்கு மேல் எண்களைக் கொட்டும்.

24 ஏப்ரல், காலை 7.10

தம்பி அனுப்பிய படத்தைப் பார்த்தேன். முதல் எச்சரிக்கை, அதுவும் 30 அடுக்கு தொடர்ந்து ஒரே இடத்தில், அதிகாலை நான்குக்கு எழுந்து வாடகைக் காரில் போயிருக்கிறார், பாராட்டு. ஆனால் அந்தக் கோடு தூளில் இல்லை. பெரிதாக்கிப் பார், லேசர் ஓடும் முன் எடுத்த படத்திலும் பின் எடுத்த படத்திலும் இம்மியும் மாறாமல் அதே இடத்தில் இருக்கிறது. கேமராவின் கண்ணாடியில் முடி.